கடமான் வேட்டைக்கு நல்ல இடம் எது?

வட அமெரிக்காவில் மூஸ் வேட்டைக்குப் போகிறவர்கள் முதலில் மண்டையை உடைத்துக்கொள்வது துப்பாக்கியைப் பற்றி இல்லை, இடத்தைப் பற்றித்தான். போகிற இடத்தில் மூஸ் இருக்கணும். அங்கே சுடுவது சட்டப்படி சரியாகவும் இருக்கணும். எங்கள் தொழில் பாஷையில் சொன்னால் இது ஒரு 'அண்ட் கண்டிஷன்'. இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் விடை பூஜ்யம்.

உலகத்திலேயே பெரிய மான் மூஸ். நன்றாக வளர்ந்த ஆண் 500 கிலோவைச் சாதாரணமாகத் தாண்டும். அது நம் பக்கம் கிடையாது. இந்தியாவின் பெரிய மான் கடமான். சாம்பார் என்று ஆங்கிலத்தில் சொல்வார்கள். நெல்லை, குமரிப் பக்கம் மிளா. பெரிய ஆண் 250, 300 கிலோ வரும். மூஸைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தபோது, இதே கேள்வியை கடமானுக்குக் கேட்டால் என்ன விடை வரும் என்று தேட ஆரம்பித்தேன். (முன்னெச்சரிக்கையாகச் சொல்லிவிடுகிறேன்: நான் துப்பாக்கியைத் தொட்டது என்.சி.சி.யில் மட்டும். வேட்டையில் ஆர்வமும் இல்லை.)

எனக்குக் கிடைத்தவை மூன்று விடைகள். 1880களில் கேட்டிருந்தால்: நீலகிரியின் குந்தா மலை, உரிமம் வாங்கிக்கொண்டு போகலாம். இன்று தமிழ்நாட்டில் கேட்டால்: எங்கேயும் முடியாது. இன்று ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் கேட்டால்: வருஷம் முழுக்க, எத்தனை வேண்டுமானாலும். மூன்றிலும் மான் ஒன்றேதான். பின்னே எது மாறியது? அதைத்தான் இந்தக் குறிப்பில் பார்க்கப் போகிறோம்.

மான் எங்கே நிற்கும்?

சட்டத்தைக் கொஞ்சம் ஒதுக்கி வைத்துவிட்டு மானை மட்டும் பார்ப்போம்.

கடமான் பெரும்பாலும் விடிகாலையிலும் அந்தி சாய்ந்த பிறகும் வெளியே வந்து மேயும். பகலில் அடர்ந்த மறைவில் படுத்துக்கொள்ளும். தண்ணீர் அருகில் வேண்டும். சேற்றில் புரள ரொம்பப் பிடிக்கும். ஆக, அதற்கு இரண்டு வகை நிலம் பக்கத்துப் பக்கத்தில் தேவை: சாப்பிட ஒரு திறந்தவெளி, ஒளிய ஒரு காடு. இரண்டும் சந்திக்கும் ஓரம்தான் அதன் முகவரி.

நீலகிரியின் மேல்மட்டம் இயற்கையாகவே அப்படி அமைந்தது. மேடு முழுக்கப் புல்வெளி. மடிப்புகளில் ஓடை ஓடும் இடத்தில் மட்டும் சோலைக்காடு. எங்கே நின்றாலும் நூறு இருநூறு மீட்டரில் ஒரு ஓரம் இருக்கும். அதனால்தான் அந்தக் கால வேட்டைக்காரர்கள் தொலைநோக்கியோடு மேட்டில் உட்கார்ந்து, விடியும் நேரத்தில் சோலை ஓரங்களைத் துழாவினார்கள். மான் தென்பட்டால் காற்றின் திசை பார்த்து, வாடை அதற்குப் போகாதபடி சுற்றி வளைத்து நெருங்குவார்கள். இன்னொரு முறை, சோலைக்குள் ஆட்களையும் நாய்களையும் விட்டு மானை வெளியே கலைப்பது.

மூஸுக்கும் கணக்கு இதேதான், செடிகொடிகள் வேறு. காட்டுத்தீக்கோ மரம் வெட்டியதற்கோ பிறகு சில வருஷங்களில் இளம் வில்லோவும் பிர்ச்சும் முளைத்திருக்கும் இடம் அதற்குச் சாப்பாடு. கோடையில் ஏரியிலும் சதுப்பிலும் இறங்கி நீர்த்தாவரம் தின்னும். பக்கத்திலேயே முதிர்ந்த காடு இருந்தால் நிழலும் மறைவும். வரைபடத்தில் பழைய தீத்தடங்களையும் சதுப்புகளையும் தேடுகிறவர்களுக்கு மூஸ் கிடைக்கும்.

இது வரைக்கும் விலங்கியல். ஆனால் இந்த ஞானம் எல்லோருக்கும் உண்டு. நல்ல ஓரம் எங்கே என்று எனக்குத் தெரிந்தால் ஊருக்கே தெரியும். எல்லோரும் அங்கேயே போனால் பத்தே வருஷத்தில் அது மான் இல்லாத இடம் ஆகிவிடும். ஒரு இடம் தொடர்ந்து நல்ல இடமாகவே இருக்கவேண்டுமென்றால் யாரோ ஒருவர் மற்றவர்களைத் தடுக்கவேண்டும். இங்கேதான் சட்டம் உள்ளே வருகிறது.

கோடு போட்டுப் பிரிப்பது

வட அமெரிக்காவில் இதை எப்படிச் செய்கிறார்கள் என்று பார்த்தால் ஒரு என்ஜினியருக்குச் சந்தோஷமாக இருக்கும். அலாஸ்கா மொத்தத்தையும் 26 மேலாண்மை அலகுகளாகப் பிரித்திருக்கிறார்கள். ஒவ்வொரு அலகுக்கும் தனித் தேதி, தனி வரம்பு. பல அலகுகளில் ஆண் மூஸின் கொம்பு அகலம் 50 அங்குலத்துக்குக் குறையக்கூடாது, அல்லது கொம்பு வெறும் குச்சியாகவோ ஒரே கவையாகவோ இருக்கவேண்டும் என்று விதி. அதாவது மிக இளையதைச் சுடலாம், மிகப் பெரியதைச் சுடலாம். இனப்பெருக்கத்தைத் தூக்கி நிறுத்தும் நடுவயசு ஆண்களில் பெரும்பாலானவை தப்பிக்கும். அமெரிக்கக் குடிமகன் அல்லாத, அங்கே வசிக்காத வெளிநாட்டவர் என்றால் வழிகாட்டி இல்லாமல் பெரிய விலங்குகளை வேட்டையாடவே முடியாது.

நம் ஆட்கள் நிறைய இருக்கும் கனடாவின் ஒன்டாரியோவில், 2021 முதல் மூஸ் டேக் ஒதுக்கீடு புள்ளிக் கணக்கில் நடக்கிறது. டேக் கிடைக்காத ஒவ்வொரு வருஷமும் உங்கள் கணக்கில் புள்ளி சேரும். புள்ளி அதிகமானவருக்கு முன்னுரிமை. மான் நிறைய இருக்கும் அலகைக் கேட்டால் வருஷக்கணக்கில் காத்திருக்கணும். குறைவாக இருக்கும் அலகைக் கேட்டால் சீக்கிரம் கிடைக்கும், ஆனால் வெறுங்கையோடு திரும்ப வாய்ப்பு அதிகம். ஸ்கார்பரோவில் இருந்து ஒருவர் கிளம்புவதற்கு முன்னால் செய்யும் வேட்டையில் பாதி இந்தக் கணக்குதான்.

கவனித்தீர்களா? 'இடம்' என்பது இங்கே மண்ணும் மரமும் மட்டும் கிடையாது. ஒரு எண், ஒரு தேதி, ஒரு கொம்பின் அளவு, இத்தனை பேர்தான் என்ற கட்டுப்பாடு, எல்லாம் சேர்ந்ததுதான் இடம். இது ஏதோ புது யோசனை என்று நினைக்கவேண்டாம். நம்ம ஊட்டியில் கிட்டத்தட்ட 150 வருஷம் முன்பே இதன் முன்வடிவம் இருந்தது.

ஊட்டி, 1877

பத்தொன்பதாம் நூற்றாண்டின் முதல் பாதியில் வெள்ளைக்காரர்கள் நீலகிரிக்கு ஏறினார்கள். கூடவே தோட்டம், ராணுவ முகாம், ஓய்வில்லம், துப்பாக்கி எல்லாமும் ஏறின. ஐம்பது வருஷத்தில் கடமானும் வரையாடும் கண்ணெதிரே குறைந்தன. வரையாட்டை அவர்கள் 'நீலகிரி ஐபெக்ஸ்' என்று தப்பாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

1877இல் அங்கிருந்த வேட்டைக்காரர்கள் சேர்ந்து ஒரு சங்கம் ஆரம்பித்தார்கள். வேட்டை விலங்குகளையும் மீன்களையும் பாதுகாக்கும் சங்கம். இரண்டே வருஷத்தில் சென்னை அரசு ஒரு சட்டமே கொண்டுவந்தது: நீலகிரி வேட்டை விலங்கு மற்றும் மீன் பாதுகாப்புச் சட்டம், 1879. இதற்கு முன்பே 1873இல் காட்டு யானைகளைக் காக்க சென்னை மாகாணம் ஒரு சட்டம் போட்டிருந்தது. ஆனால் ஒரே ஒரு மலைக்காக, அங்கே திரியும் வேட்டை விலங்குகளுக்காகவே எழுதிய சட்டம் என்ற வகையில் 1879 சட்டம் விசேஷமானது.

அதன் இயக்கம் எளிமையானது. எவையெல்லாம் வேட்டை விலங்கு என்று ஒரு பட்டியல்: காட்டெருமை, கடமான், வரையாடு, மற்ற மான் வகைகள், முயல், காட்டுக்கோழி, மயில், கவுதாரி, காடை. இந்தந்த மாதங்களில் இவற்றைத் தொடக்கூடாது என்று அரசு அறிவிக்கலாம். அரசுக் காட்டில் சுட உரிமம் வேண்டும், அதற்குக் கட்டணம் உண்டு. பிறகு வந்த விதிகளின் போக்கு பெண்மானையும் குட்டியையும் விட்டுவிடு, வளர்ந்த கொம்புள்ள ஆணை மட்டும் எடு என்பதாக இருந்தது. வரையாட்டில் முதுகு வெளுத்த கிழட்டு ஆணைத்தான் சுடலாம். அலாஸ்காவின் 50 அங்குலக் கணக்குக்கு இது அண்ணன்.

சங்கத்தின் நோக்கத்தில் ஒளிவுமறைவு ஒன்றும் இல்லை. நாளைக்கும் சுட மான் வேண்டும், அதனால் இன்றைக்குக் குறைத்துச் சுடு. வங்கியில் அசலைத் தொடாமல் வட்டியை மட்டும் எடுப்பதுபோல.

அப்போது ஒருவர் உரிமத்தோடு ஊட்டியில் நின்றால் எந்தப் பக்கம் போவார்? இரண்டு வகை வேட்டைக்கு இரண்டு திசை. குதிரையும் நாயுமாக நரியைத் துரத்தும் ஊட்டி ஹன்ட்டுக்கு ஊரை ஒட்டிய வென்லாக் டவுன்ஸ் புல்வெளி. கடமானுக்கு மேற்கே போகணும்: அவலாஞ்சி, மேல்பவானி, முக்குருத்தி என்று போகும் குந்தா மலைத்தொடர். காரணம் மேலே சொன்ன ஓரங்கள்தான். தென்மேற்குப் பருவமழை அங்கே நேரடியாக வந்து முட்டும். ஜூன் முதல் சில மாதங்கள் மழையும் மூடுபனியும் மனிதனை உள்ளே விடாது. சட்டம் இல்லாவிட்டாலும் வானம் ஒரு தடைக்காலம் போட்டு வைத்திருந்தது. மழை ஓய்ந்த பிறகு, குளிரும் வெயிலுமான மாதங்கள்தான் தோது.

துப்பாக்கியோடு தூண்டிலும் வந்தது. 1900களின் முதல் பத்தாண்டில் அவலாஞ்சியில் டிரவுட் மீன் பொரிப்பகம் வைத்து, ஓடைகளில் மீன்குஞ்சு விட்டார்கள். முக்குருத்தியில் ஒரு தங்குமிடத்துக்கு இன்றைக்கும் 'ஃபிஷிங் ஹட்' என்றுதான் பெயர்.

யாருடைய மான்?

இந்தக் கதையை இப்படியே முடித்தால் வேட்டைக்காரர்களே காட்டைக் காப்பாற்றினார்கள் என்று ஆகிவிடும். அதில் பாதி உண்மை இருக்கிறது. மீதிப் பாதி அந்த உரிமத்தை யார் வாங்க முடிந்தது என்பதில் இருக்கிறது.

கட்டணம் கட்டி, விண்ணப்பம் எழுதி, ரைஃபிள் வைத்திருந்தவருக்கு அது 'ஸ்போர்ட்'. குறும்பரோ இருளரோ வலையும் கண்ணியும் வைத்து எடுத்தால் அது 'போச்சிங்', திருட்டு வேட்டை. அவர்கள் அந்த மலையில் எத்தனை தலைமுறையாக இருந்தார்கள் என்பதை விதி கணக்கில் எடுக்கவில்லை. 1882இல் சென்னை வனச் சட்டம் வந்தபோது காப்புக்காடு என்ற கோடு இன்னும் அழுத்தமாக விழுந்தது. காப்புக்காட்டுக்குள் விதியை மீறி வேட்டையாடுவது, சுடுவது, மீன் பிடிப்பது, நீரில் விஷம் கலப்பது, கண்ணி வைப்பது எல்லாம் குற்றம்.

ஆக, குந்தா 'நல்ல இடமாக' இருந்ததற்குப் புல்லும் சோலையும் ஒரு காரணம், அந்தப் பட்டியலில் பெயர் இல்லாதவர்களை வெளியே நிறுத்தியது இன்னொரு காரணம். நல்ல வேட்டை நிலம் தானாக அமைவதில்லை. யாரோ ஒருவரைத் தள்ளி நிறுத்தித்தான் அது உருவாகிறது. அந்த 'யாரோ' யார் என்பதுதான் ஒவ்வொரு காலத்திலும் மாறுகிறது.

இதன் நீட்சி 2006 வரைக்கும் வருகிறது. பழங்குடிகளுக்குக் காட்டு உரிமையைத் திருப்பித் தரத்தான் 2006 வன உரிமைச் சட்டம் வந்தது. அந்தச் சட்டத்திலேயே பாரம்பரிய உரிமைகளைச் சொல்லும் பிரிவு, வேட்டையாடும் உரிமையையும் கண்ணி வைக்கும் உரிமையையும் வெளிப்படையாக விலக்கி வைத்திருக்கிறது. தேன் எடுக்கலாம், நெல்லிக்காய் எடுக்கலாம். மானை எடுக்கமுடியாது.

உரிமத்தில் இருந்து தடைக்கு

1972இல் வனவிலங்கு பாதுகாப்புச் சட்டம் வந்ததோடு வேட்டை முடிந்தது என்றுதான் நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். உண்மையில் 1972 சட்டம் முதலில் எழுதப்பட்டபோது அது வேட்டையை ஒழுங்குபடுத்தும் சட்டமாகவும் இருந்தது. சிறப்பு வேட்டை, பெரிய வேட்டை, சிறிய வேட்டை, உயிரோடு பொறிவைத்துப் பிடிப்பது என்று நான்கு வகை உரிமங்கள் அதில் இருந்தன. கடமான் மூன்றாம் அட்டவணையில், 'பெரிய வேட்டை' விலங்குகளோடு இருந்தது.

விதிகளைப் படித்தால் அப்படியே நீலகிரியின் வாசனை அடிக்கும். குட்டியைச் சுடாதே. பெண்ணைச் சுடாதே. கொம்பின் மேல் வெல்வெட் தோல் இன்னும் உரியாத ஆண்மானைச் சுடாதே. வண்டியில் உட்கார்ந்து சுடாதே. விளக்கடித்துச் சுடாதே. உப்பு நக்க வரும் இடத்திலும் தண்ணீர் குடிக்க வரும் இடத்திலும் காத்திருந்து சுடாதே. கடைசி விதியை நன்றாகப் பாருங்கள். மான் கட்டாயம் வந்தே தீரும் இடம் எதுவோ, அதைத்தான் சட்டம் முதலில் மூடியது. வேட்டைக்கு அதிக பலன் தரும் இடத்தைச் சட்டவிரோதமாக்குவதுதான் மொத்தக் காட்டிலும் மான் மிஞ்ச வழி.

பல மாநிலங்களில் உரிமம் கொடுப்பது நடைமுறையில் முன்பே நின்றுபோயிருந்தது. 1991 திருத்தம் அந்த நான்கு வகை உரிமங்களையே சட்டத்தில் இருந்து எடுத்துவிட்டது. கடமானைப் பொறுத்தவரை அன்றோடு இந்தியாவில் 'நல்ல இடம்' என்ற கேள்வி செத்தது.

அந்த நிலத்துக்கு என்ன ஆயிற்று? குந்தாவில் 1950களில் இருந்து நீர்மின் திட்டம் வந்தது. கொழும்புத் திட்டத்தின் கீழ் கனடா கொடுத்த உதவியில் கட்டியது. (மூஸ் நாட்டுக்கும் கடமான் மலைக்கும் இப்படி ஒரு தொடர்பு இருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.) புல்வெளியில் பெரும்பகுதியை யூகலிப்டஸும் வாட்டில் மரமும் பைன் மரமும் தின்றன. துப்பாக்கி செய்ததைவிட இந்த மரக்கன்றுகள் வரையாட்டுக்கு அதிகம் கெடுதல் செய்தன என்று சொல்லலாம். 1963இல் நீலகிரியில் வரையாடுகளை முறையாக எண்ணிப் பார்த்தவர் இ.ஆர்.சி. டேவிதார், அதே சங்கத்தைச் சேர்ந்தவர். முக்குருத்தி 1982இல் சரணாலயம் ஆகி, 1990இல் தேசியப் பூங்கா ஆனது, பரப்பு 78.46 சதுர கிலோமீட்டர். கீழே முதுமலை 1940லேயே சரணாலயம், 2007இல் புலிகள் காப்பகம். புலியின் முக்கிய உணவுகளில் கடமானும் ஒன்று. இப்போது அந்த மலையில் கடமான் வேட்டைக்குச் சட்டபூர்வ உரிமம் வைத்திருப்பவை புலியும் செந்நாயும்தான்.

1877இன் சங்கம் இன்னும் இருக்கிறது. பெயர் மட்டும் மாறி, நீலகிரி வனவுயிர் மற்றும் சுற்றுச்சூழல் சங்கம்.

கடல் தாண்டிய கடமான்

இப்போது விக்டோரியா. 1860களில் அங்கே குடியேறிய ஆங்கிலேயர்கள், 'இந்த ஊரில் சுட உருப்படியாக ஒன்றும் இல்லையே' என்று நம் பக்கத்தில் இருந்து கடமான்களைக் கப்பலில் கொண்டுபோய் விட்டார்கள். அங்கே புலி இல்லை, செந்நாய் இல்லை. மலை, ஓடை, காட்டோரம் எல்லாம் இருந்தது. மான் பெருகிக் கிழக்கு விக்டோரியா மலைகள் முழுக்கப் பரவிவிட்டது.

இன்று அங்கே கேம் லைசன்ஸ் இருந்தால், மறைந்து நெருங்கிச் சுடும் முறையில் கடமானை வருஷம் முழுக்க வேட்டையாடலாம். எண்ணிக்கை வரம்பு கிடையாது. நாய் வைத்து வேட்டையாட ஏப்ரல் முதல் நவம்பர் வரை. இரவில் விளக்கடித்துச் சுடக்கூடாது. மாநில வனங்களில் பெரும்பகுதி திறந்திருக்கிறது. ஆல்பைன் தேசியப் பூங்காவின் சில பகுதிகளில்கூடக் குறிப்பிட்ட காலத்தில் அனுமதி உண்டு. சில வருஷங்களில் அங்கே வேட்டையாடப்படும் மான்கள் ஒரு லட்சத்தைத் தாண்டும். அதில் பெரும்பகுதி கடமான்.

வேடிக்கை என்னவென்றால், ஒரு சட்டத்தில் கடமான் 'பாதுகாக்கப்பட்ட வேட்டை விலங்கு'. இன்னொரு சட்டத்தில், அது உள்ளூர்ச் செடிகொடிகளை அழிப்பதை அரசே ஓர் அபாயமாகப் பட்டியலிட்டிருக்கிறது. வேட்டைக்காரர்களுக்கு அது வேண்டும், தாவரவியலாளர்களுக்கு வேண்டாம். அதனால் வேலியும் இல்லை, வரம்பும் இல்லை என்ற நிலை.

ஆக, சட்டபூர்வமாகவும் பலனோடும் கடமான் வேட்டையாட உலகத்தில் சிறந்த இடம் எது என்று இன்று யாராவது கேட்டால், நேர்மையான விடை மெல்போர்னுக்குக் கிழக்கே உள்ள மலைகள். கடமான் பிறந்த மண்ணில் விடை பூஜ்யம்; கொண்டுபோய் விட்ட மண்ணில் கணக்கே இல்லை.

நம்ம பக்கம்

அனகாபுத்தூரில் உட்கார்ந்துகொண்டு இதை எழுதுகிறேன். எனக்குப் பக்கத்தில் இருக்கும் கடமான் வண்டலூர் உயிரியல் பூங்காவில் கம்பிக்கு உள்ளே இருக்கிறது. அதற்காக இந்தச் சட்டத்துக்கும் நமக்கும் சம்பந்தம் இல்லை என்று நினைக்கவேண்டாம்.

1972 சட்டத்தில் 'வேட்டை' என்ற சொல்லுக்கு இருக்கும் வரையறை நாம் நினைப்பதைவிட அகலமானது. கொல்வது மட்டும் இல்லை. பிடிப்பது, விஷம் வைப்பது, கண்ணி, பொறி, துரத்துவது, இரை வைத்து இழுப்பது, இவற்றுக்கு முயற்சி செய்வது, பறவையின் முட்டையையோ கூட்டையோ சிதைப்பது, எல்லாமே வேட்டை. புறநகரில் ரோட்டோரம் 'காட்டுக் கவுதாரி', 'உடும்புக் கறி' என்று யாராவது ரகசியமாகச் சொன்னால், அது வாங்குபவருக்கும் வழக்கு. பண்ணையில் வளர்க்கும் ஜப்பான் காடை வேறு, வயலில் வலை போட்டுப் பிடிக்கும் காடை வேறு. நன்மங்கலம் காப்புக்காட்டில் பையன்கள் உண்டிவில்லோடு முயல் தேடிப் போவதும் இதே பிரிவுக்குள் வரும். மலைக்குச் சுற்றுலா போன இடத்தில் உதிர்ந்து கிடக்கும் மான்கொம்பை ஷோகேஸுக்கு எடுத்து வந்தாலும் சிக்கல்தான். முதல் அட்டவணை விலங்கு என்றால், அல்லது சரணாலயத்துக்குள் நடந்தது என்றால், குறைந்தபட்சமே மூன்று வருஷம் சிறை, ஏழு வருஷம் வரை போகலாம்.

நம் பக்கத்துக்கு இன்னொரு கதையும் உண்டு. இங்கிருந்து தெற்கே இரண்டு மணி நேரத்துக்குள் வேடந்தாங்கல். அங்கே வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பறவைகளைச் சுட, ஊர்க்காரர்கள் கலெக்டரிடம் முறையிட்டார்கள். 1798இல் செங்கல்பட்டு கலெக்டர் லயனல் பிளேஸ், ஏரியில் யாரும் பறவையைச் சுடக்கூடாது என்று கவுல் எழுதிக் கொடுத்தார். ஊர்க்காரர்களுக்கு இதில் சொந்த லாபமும் இருந்தது: பறவை எச்சம் கலந்த ஏரித்தண்ணி வயலுக்கு உரம். நீலகிரிச் சட்டத்துக்கு எண்பது வருஷம் முந்தையது இது. அங்கே வேட்டைக்காரர்கள் தங்கள் வேட்டைக்காக மற்றவர்களைத் தடுத்தார்கள். இங்கே விவசாயிகள் தங்கள் வயலுக்காக வேட்டைக்காரர்களைத் தடுத்தார்கள்.

ஒன்று, மூன்று கிலோமீட்டர்

முழுத்தடைக்கும் ஒரு விலை உண்டு. அதைக் கொடுப்பது நகரத்தில் இருக்கும் நாம் இல்லை. காட்டோரத்தில் மரவள்ளியோ நிலக்கடலையோ போட்டவர், ஒரே ராத்திரியில் காட்டுப்பன்றிக் கூட்டம் உழுதுவிட்டுப் போன வயலில் காலையில் நிற்கிறார். சட்டபூர்வமான வழி இல்லாத இடத்தில் சட்டவிரோத வழி வளரும். சுருக்குக் கம்பி, திருட்டு மின்சாரம் பாய்ச்சிய வேலி, பழத்துக்குள் வெடிமருந்து வைத்த அவுட்டுக்காய். பன்றிக்கு வைத்த அவுட்டுக்காயை யானை கடித்து வாய் சிதறிச் செத்திருக்கிறது. மின்வேலியில் மனிதர்களும் செத்திருக்கிறார்கள்.

கேரளம் 2022இல் பயிரை அழிக்கும் காட்டுப்பன்றியைக் கொல்ல உத்தரவிடும் அதிகாரத்தை உள்ளாட்சித் தலைவர்களுக்குக் கொடுத்தது. தமிழ்நாடு 2025 ஜனவரியில் வேறு வழி எடுத்தது: ஒரு கோடு, இல்லை, இரண்டு கோடு. காப்புக்காட்டில் இருந்து 1 கிலோமீட்டர் வரை பன்றியைத் தொடக்கூடாது. 1 முதல் 3 கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டுக்குள் விடலாம். 3 கிலோமீட்டருக்கு அப்பால் வனத்துறையினர் மட்டும் சுடலாம். விவசாயி கையில் துப்பாக்கி இல்லை. முறையிட ஒரு வழி மட்டும் இருக்கிறது.

இந்த ஆணையைப் படித்தபோது குந்தா மலையின் உரிமம்தான் ஞாபகத்துக்கு வந்தது. மறுபடியும் வரைபடத்தில் கோடு, மறுபடியும் இன்னார் சுடலாம், இன்னார் கூடாது. ஆனால் ஒரு வித்தியாசம்: 1879இல் கோடு போட்டது, விலங்கு அதிகம் இருக்கும் இடத்தில் வேட்டையைத் தக்கவைக்க. 2025இன் கோடு, விலங்கு அதிகம் இருக்கும் இடத்தில் வேட்டையே நடக்காமல் இருக்க.

சேதம் அதிகம் விழுவது எங்கே? காட்டை ஒட்டிய முதல் கிலோமீட்டரில். அந்த முதல் கிலோமீட்டரில் வயல் வைத்திருப்பவருக்கு இந்த ஆணையில் ஒன்றும் இல்லை. அவருக்கு மிஞ்சுவது பயிர் இழப்பீட்டு விண்ணப்பம். அது எவ்வளவு சீக்கிரம் பணமாகிறது என்பதைப் பொறுத்துத்தான், அடுத்த தை மாதம் அந்த வயல் ஓரத்தில் சுருக்குக் கம்பி இருக்குமா இருக்காதா என்பது முடிவாகும். பன்றிக்கு வைக்கும் கம்பியில் கடமானின் காலும் மாட்டும்.